தாது சென்ற வழியில்

கிர்கிசுத்தானின் தென்பகுதியில், பெர்கானாப் பள்ளத்தாக்கின் விளிம்பில் மைலு-சூ என்றொரு சிறு நகரம் உள்ளது. அதே பெயர் கொண்ட ஆறு நெருங்கி நிற்கும் மலைகளுக்கிடையே நகரை ஊடறுத்து ஓடுகிறது. 1946 முதல் 1968 வரை இங்கே யுரேனியம் அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 10,000 டன் யுரேனிய ஆக்சைடு இங்கிருந்து சோவியத்து அணுப்படைக்குச் சென்றது. எடுத்தது போக எஞ்சிய நுண்மண் சேறு 23 தேக்கங்களில் கிடக்கிறது. அகழ்ந்து கொட்டிய பாறை 13 மேடுகளாக நிற்கிறது. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 20 இலட்சம் கன மீட்டர். உலகிலுள்ள யுரேனியக் கழிவுகளின் அளவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் இதைவிடத் தகாத இடத்தில் கழிவைக் கொட்டியிருக்க முடியாது. மலைச்சரிவு, நிலநடுக்கம், வெள்ளம் ஆகிய மூன்றும் அப்பள்ளத்தாக்கின் இயல்பு. சரிந்து விழும் மண் ஆற்றை மறித்தால் நீர் பின்னோக்கி ஏறித் தேக்கங்களின் அடியை அரிக்கும். 1958 ஏப்ரலில் 7ஆம் எண் தேக்கத்தின் கரை உடைந்தபோது, 6 இலட்சம் கன மீட்டர் என்று கணிக்கப்படும் சேறு ஆற்றில் இறங்கிப் பள்ளத்தாக்கின் வயல்வெளிகளை நோக்கிப் பாய்ந்தது.

மைலு-சூ ஆலைகள் உள்ளூர்த் தாதுவை மட்டும் அரைக்கவில்லை. கிழக்குச் செருமனியிலிருந்தும் செக்கோசுலோவாக்கியாவிலிருந்தும் தாது நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து அங்கே வந்தது. செருமனியின் சாக்சனி மலைகளின் பாறைத்துகள் இன்றும் அந்த நடு ஆசியச் சேற்றில் கலந்து கிடக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, அதே சாக்சனியிலிருந்து அதே திசை நோக்கி வேறொன்று செல்லத் தொடங்கியுள்ளது. கதிரியக்கச் சுரங்கக் கழிவைத் தீங்கின்றி அடக்கி வைக்கும் தொழிலறிவே அது.

அத்தொழிலை ஒரு மாந்தனுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். பொறிகளையும் பணத்தையும் கடனாகப் பெறலாம். பழகிய கண்ணைக் கடனாகப் பெற இயலாது. 1991இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தபோது நடு ஆசியக் குடியரசுகளின் கையில் கழிவுமேடுகள் தங்கின. அவற்றை அறிந்த வல்லுநரில் பலர் வெளியேறினர். அணுப்படைத் தொழில் என்பதால் வரைபடங்களும் ஏடுகளும் மறைபொருளாகவே காக்கப்பட்டிருந்தன. எந்தத் தேக்கத்தில் எந்த ஆலையின் சேறு, எந்த ஆழத்தில், எவ்வளவு என்று சொல்ல ஆளில்லாத நிலை உருவாயிற்று.

கழிவு ஏன் இவ்வளவு நீண்ட தொல்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். கரும்பைப் பிழிந்தால் இனிப்பு சாற்றோடு போய்விடும், சக்கையில் எஞ்சுவது சிறிதே. யுரேனியத் தாதுவிலோ நிலை தலைகீழானது. யுரேனியம்-238 தானாகச் சிதைந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல தனிமங்களாக மாறி, ஈற்றில் ஈயமாக நிலைபெறுகிறது. பல கோடி ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த தாதுவில் இவ்வழித்தோன்றல்கள் அனைத்தும் யுரேனியத்தோடு சேர்ந்தே இருக்கும். ஆலை யுரேனியத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செல்கிறது. தோரியம்-230, ரேடியம்-226, அவற்றைத் தொடர்ந்து வருவன யாவும் சேற்றிலேயே தங்கிவிடுகின்றன. தாதுவின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு கழிவோடுதான் கிடக்கிறது. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அந்த ரேடியத்தை இடைவிடாமல் பிறப்பித்துக்கொண்டிருக்கும் தோரியம்-230க்கோ அரைவாழ்வுக் காலம் 75,000 ஆண்டுகளுக்கும் மேல்.

ரேடியம் சிதைந்தால் ரேடான் பிறக்கும். அது நிறமும் மணமும் அற்ற வளி. பிறந்த இடத்தில் நில்லாமல் மண்துளைகளின் வழியே மேலேறிக் காற்றில் கலக்கும். ரேடான்-222இன் அரைவாழ்வுக் காலம் 3.8 நாள் மட்டுமே. மூச்சோடு உள்ளே போகும் ரேடானில் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். தீங்கு செய்வன அதன் வழித்தோன்றல்களான பொலோனிய அணுக்கள். அவை நுண்தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழலின் உட்சுவரில் படிந்து, ஆல்பாக் கதிரை அங்கேயே உமிழ்கின்றன. சாக்சனியின் சினீபெர்க்குச் சுரங்கத் தொழிலாளர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கொன்ற மலைநோய் நுரையீரல் புற்று என்பதை 1879இலேயே ஆர்ட்டிங்கு, எசே என்னும் இரு மருத்துவர்கள் எழுதினார்கள். ரேடான் அப்போது கண்டறியப்படவே இல்லை. யுரேனியத்தை 1789இல் கிளாப்ரோத்து கண்டறிந்ததும் இதே மலைத்தொடரின் தாதுவிலிருந்துதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சோவியத்து அரசு அம்மலைகளில் விசுமுத்து என்னும் பெயரில் ஒரு பெருநிறுவனத்தை நிறுவியது. விசுமுத்து என்பது பிசுமத்து என்னும் மாழையின் செருமானியப் பெயர். யுரேனியத்தை மறைக்க இட்ட மூடுபெயர். 1990இல் உற்பத்தி நின்றபோது அது 2 இலட்சம் டன்னுக்கு மேல் யுரேனியம் எடுத்திருந்தது. ஒன்றிணைந்த செருமனியிடம் வந்து சேர்ந்தவை 1,500 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழிகள், 31 கோடி கன மீட்டர் கழிவுப்பாறை, 16 கோடி கன மீட்டர் கதிரியக்கச் சேறு. இவை பாலை நிலத்தில் கிடக்கவில்லை. ஊர்களுக்கு நடுவே, வீட்டுத் தோட்டங்களின் வேலியோரம் கிடந்தன. அவற்றைச் சீராக்கும் பணியில் இறங்கிய பொறியாளரில் மிகப் பலர் முன்பு அதே சுரங்கங்களில் யுரேனியம் எடுத்தவர்கள். எங்கே எதைக் கொட்டினோம் என்ற நினைவு அவர்களிடம் இருந்தது. நடு ஆசியாவுக்கு வாய்க்காத பேறு இது.

அந்தப் பணியிலிருந்து பிறந்த பாடங்களே இன்று உலகெங்கும் பயிற்சியின் அடித்தளம். 1993இல் செருமனியும் அமெரிக்காவும் யுரேனியச் சுரங்க நிலமீட்பு வல்லுநர்களுக்கென ஒரு கருத்துப் பரிமாற்றக் குழுவைத் தொடங்கின. பன்னாட்டு அணுவாற்றல் முகமை 2009இல் நிலமீட்புப் பணியாளர்களுக்கான வலையமைப்பையும், 2012இல் பழைய யுரேனியத் தளங்களுக்கான ஒருங்கிணைப்புக் குழுவையும் அமைத்தது. நடு ஆசிய நாடுகளின் பொறியாளரும் கண்காணிப்பு அலுவலரும் இவற்றின் வழியே பயிற்சி பெறுகின்றனர். குளிரூட்டிய அறையில் இரு கிழமைகள் படம் காட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை குறைவு. கழிவுமேட்டின் மேல் நின்று கற்க வேண்டியவை பல.

முதற்பாடம் அளவை. பயிற்சிக்கு வருவோர் கதிர் அளவியை வாங்கியதும் நேரே கழிவுமேட்டை நோக்கி நடக்கவே விரும்புவர். நல்ல ஆசிரியர் அவர்களை எதிர்த்திசையில், எவரும் தோண்டாத புல்வெளிக்கு, அழைத்துச் செல்வார். இயற்கையில் அந்த ஊர் மண்ணும் பாறையும் எவ்வளவு கதிர் வீசுகின்றன என்று அறியாதவர் கழிவின் கதிரை அறிய முடியாது. கருங்கல் மலைகளில் இயற்கைக் கதிர் மிகுதி. அதற்கும் கீழே தூய்மை செய்ய முனைவது பணத்தைப் புதைப்பதாகும். அடுத்து, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அளவியை ஒரே உயரத்தில் பிடித்து, ஒரே விரைவில் நடந்து, ஒவ்வொரு எண்ணையும் இடக்குறியோடு பதிய வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். அச்சலிப்பில் விடுபட்ட கட்டத்தில்தான் பின்னாளில் எவரேனும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிராண்டு சங்சன் நகரில் ஆலைக்கழிவு மணலைக் கட்டுமான மண்ணாக எடுத்துச் சென்று ஆயிரக்கணக்கான மனைகளில் நிரப்பிவிட்டார்கள். மணல் நயமானது, இலவசமும்கூட. அதைத் தோண்டியெடுக்கவே தனித்திட்டம் வேண்டியிருந்தது.

அளவியை நம்புவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கையிலிருக்கும் காமா அளவி சிறு எண்ணைக் காட்டுகிறது என்பதால் அந்த இடம் தீங்கற்றது என்று பொருளாகாது. ஆல்பாத் துகளைச் சில சென்டிமீட்டர்க் காற்றே தடுத்துவிடும். ஒரு தாள் போதும். ஆகவே உடலுக்கு வெளியே அது ஒன்றும் செய்யாது, காமா அளவியிலும் தெரியாது. காய்ந்த சேற்றின் மீது காற்றடிக்கும் நாளில் அதே துகளை உமிழும் தூசி மூச்சிலும், கழுவாத கையால் உண்ணும் உணவிலும் உட்புகும். எனவே தொழிலாளியின் கதிர் ஏற்பளவு மூன்று கணக்குகளைக் கூட்டி எழுதப்படுகிறது: வெளியிலிருந்து வரும் காமா, ரேடான் வழித்தோன்றல்கள், மூச்சில் புகும் நெடுவாழ்வுத் தூசி. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை இந்தக் கூட்டுத்தொகை மீறக்கூடாது. பொதுமக்களுக்கோ வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். மார்பில் குத்திய அளவி முதற் கணக்கை மட்டுமே சொல்லும். மற்ற இரண்டையும் காற்றை உறிஞ்சி வடிதாளில் பிடித்து எண்ணியாக வேண்டும்.

இதற்கான காப்புமுறைகள் எளியவை. மண்ணை நனைத்துவிட்டுத் தோண்டுவது, காற்று மிகுந்தால் வேலையை நிறுத்துவது, மூச்சுக்கவசம் முகத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது, அழுக்குப்பகுதிக்கும் தூய பகுதிக்கும் இடையே கோடு கிழித்து அக்கோட்டில் உடைமாற்றிக் குளித்து வெளியேறுவது, சரக்குந்தின் சக்கரத்தைக் கழுவி அளந்த பிறகே பொதுச்சாலைக்கு விடுவது. எளியவை என்பதாலேயே இவை முதலில் கைவிடப்படும். கடும் வெயிலில் மூச்சுக்கவசத்தோடு எட்டு மணிநேரம் ஒருவரும் உழைக்க முடியாது. முடியும் என்று எழுதிய திட்டம் முதல் நாளே பொய்க்கும். ஓய்வு நேரத்தையும் நிழலையும் குடிநீரையும் கதிர்க்காப்புத் திட்டத்தின் பகுதியாக எழுதத் தெரிந்தவரே தேர்ந்த காப்பு அலுவலர். தளத்தில் ஒருவரை அன்றே கொல்லக்கூடியது பெரும்பாலும் கதிர் அன்று என்பதையும் அவர் அறிவார். சரியும் கரை, பின்னோக்கி வரும் சரக்குந்து, மூடப்படாத சுரங்கக்குழி ஆகியவை காத்திருப்பதில்லை.

சேற்றுத் தேக்கத்தின் நடத்தை தனிப்பாடம். ஆலையிலிருந்து குழாய் வழியே சேற்றை ஊற்றும்போது பருமணல் கரையோரம் படிகிறது. மாவைப்போன்ற நுண்மண் நடுப்பகுதிக்கு நகர்ந்து நீரோடு நிற்கிறது. மேலே வெயிலில் காய்ந்த ஓடு கெட்டி நிலமாகத் தெரியும். அதன் கீழே பத்துப்பதினைந்து மீட்டருக்குக் களிக்கூழ் இருக்கும். அதன்மேல் மண்ணள்ளும் பொறியை ஏற்றினால் பொறியும் ஓட்டுநரும் அமிழ்வர். விசுமுத்துப் பொறியாளர்கள் முதலில் வலைத்துணி விரித்து, அதன்மீது மெல்லிய மண்படுகையை இலேசான பொறிகளால் பரப்பி, பின் நீரை மேலே ஏற்றி வெளியேற்றும் பட்டைக் குழல்களைச் செங்குத்தாக இறக்கினார்கள். மண்ணின் எடை அழுத்த அழுத்தச் சேறு தன் நீரைக் கக்கிச் சுருங்கும். சுருங்கி முடியும் வரை இறுதி மூடுபடையைப் போடக்கூடாது. போட்டால் நடுவே குழிந்து மழைநீர் தேங்கி, காக்க வந்த படையே கசிவுக்கு வழியாகும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கும் அமைச்சருக்கும் இந்தக் காத்திருப்பை விளங்கவைப்பதும் பயிற்சியில் சேர்ந்ததே.

மூடுபடை ரேடானை எப்படித் தடுக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. களிமண் ரேடானை அடைத்து வைப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஈரமுள்ள நெருங்கிய களிமண் துளைகளில் வளி மிக மெல்லவே ஊர்கிறது. மேற்பரப்பை எட்டுவதற்குள் நாட்கள் கழிந்து, ரேடானின் பெரும்பகுதி அங்கேயே சிதைந்து, மண்ணோடு ஒட்டும் திண்ம அணுக்களாகிவிடுகிறது. அந்தக் களிமண் காய்ந்து வெடித்தால் எல்லாம் வீண். ஆகவே அதன்மேல் ஈரத்தைத் தாங்கும் மண்படுகை, அதன்மேல் வளமண், அதில் ஆழவேர் விடாத செடிகள். வேர்விடும் மரத்தையும் வளை தோண்டும் விலங்கையும் அறிந்த உயிரியலாளர் ஒருவர் இல்லாமல் இந்தப் படையை வரையவே கூடாது. அமெரிக்கச் சட்டவிதி இத்தகைய காப்பு இயன்றவரை 1,000 ஆண்டுகள், குறைந்தது 200 ஆண்டுகள் நிலைக்க வேண்டும் என்கிறது. தோரியத்தின் 75,000 ஆண்டுகளுக்கு முன் இது சிறு காலம்தான். ஆனால் 200 ஆண்டுகளுக்குக் கைபடாமல் நிற்கும் மண்வேலையை வரைந்த பொறியாளர் எத்தனை பேர்?

சிலேமா என்னும் சாக்சனிச் சிற்றூரில் கழிவுப்பாறை மேடுகள் வீடுகளின் மேலேயே எழுந்து நின்றன. அங்கே கற்ற பாடம் வேறெந்த நூலிலும் அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. பருங்கற்களாலான மேடு, உள்ளே இடைவெளிகள் நிறைந்தது. கோடையில் மேட்டின் உட்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து கனத்து, கீழ்நோக்கி இறங்கி, மேட்டின் அடியில், அதாவது வீடுகளின் பக்கம், ரேடானைச் சுமந்து வெளியேறுகிறது. குளிர்காலத்தில் உட்காற்று வெதுவெதுப்பாக மேலேறி உச்சி வழியே போய்விடுகிறது. குளிர்காலத்தில் மட்டும் அளந்தவர் அடிவாரத்தில் இடரில்லை என்று எழுதிக் கையொப்பமிடுவார். அளவியில் பிழையில்லை, அளந்தவரும் பொய் சொல்லவில்லை; முடிவு மட்டும் தவறு. ஓராண்டு முழுதும் அளக்காமல் ரேடானைப் பற்றி வாய் திறக்காதே என்பது அத்துறையின் எழுதப்படாத விதி. அவ்வூரின் வீடுகள் பழைய சுரங்கவழிகளின் மேல் இருப்பதால், சுரங்கத்தை மூடிய பின்னும் விசிறிகளை ஓட்டி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து, ரேடான் வீடுகளுக்குள் ஏறாமல் இழுத்து வெளியேற்றினார்கள். இதே சிலேமா ரேடான் நீரூற்றுக் குளியலுக்குப் பெயர்பெற்ற நலவாழ்வு ஊர். 1990களின் இறுதியில் குளியல் இல்லம் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு தெருவில் ரேடானைத் துரத்தப் பணம் செலவாகிறது, அடுத்த தெருவில் அதில் மூழ்கப் பணம் வாங்குகிறார்கள். மாந்த இயல்பை அறியாதவர் இத்தொழிலுக்கு வந்து பயனில்லை.

எல்லாவற்றிலும் கடினமான கலை, கழிவை அசைப்பதா விடுவதா என்று முடிவெடுப்பது. செருமனியின் ரொன்னபுர்க்கில் அசைத்தார்கள். அங்கே லிக்டென்பெர்க்குத் திறந்த சுரங்கம் 200 மீட்டருக்கும் ஆழமான பெருங்குழி. சுற்றிலும் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கூம்பு மேடுகள். கந்தகக் கனிமம் மிகுந்த அப்பாறை காற்றும் நீரும் பட்டால் அமிலம் கசியவிடும். அமிலம் யுரேனியத்தையும் பிற மாழைகளையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். எனவே மேடுகளைப் பெயர்த்துக் குழியை நிரப்பினார்கள். அமிலப் பாறை குழியின் அடியில், நிலத்தடி நீர் மீண்டும் ஏறி மூழ்கடிக்கும் ஆழத்தில் வைக்கப்பட்டது. நீருக்கடியில் உயிர்வளி எட்டாது, அமிலமும் பிறக்காது. அமிலத்தை முறிக்கும் இயல்புள்ள பாறை மேலே வந்தது. இடையிடையே சுண்ணாம்பு கலந்தார்கள். 10 கோடி கன மீட்டருக்கும் மிகுதியான பாறையை இவ்வாறு ஒவ்வொரு வண்டிச் சுமையும் எவ்வகை என்று தேர்ந்து இடம் மாற்றினார்கள். 2007இல் அந்நிலத்தில் செருமனியின் கூட்டாட்சித் தோட்டக் கண்காட்சி நடந்தது.

இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பயிற்சியாளர் எல்லா மேட்டையும் பெயர்க்க ஆசைப்படலாம். அது கேடு. சிலேமா மேடுகளில் பெரும்பாலானவற்றைப் பெயர்க்கவில்லை. சரிவைத் தணித்து, ஒரு மீட்டர் மண் போர்த்தி, நின்ற இடத்திலேயே விட்டார்கள். பெயர்த்தால் தெருக்கள் வழியே பல்லாயிரம் சரக்குந்துகள் ஓடியிருக்கும், தூசி பறந்திருக்கும். விபத்துகள் காக்க நினைத்த உயிரைவிட மிகுதியாகப் பலி கேட்டிருக்கலாம். கதிர்க்காப்பின் முதல் நெறி இதைத்தான் கேட்கிறது: நீ செய்யப்போவது தீமையைவிட நன்மை மிகுதியாகத் தருமா? கிர்கிசுத்தானின் மின்-குசுவில் தூயுக்-சூ தேக்கம் ஓடையின் பாதையில், மண்சரிவுக்கு ஆட்பட்ட இடத்தில் கிடந்ததால் அதன் சேற்றைத் தால்னேயே என்னும் பாதுகாப்பான தேக்கத்துக்கு மாற்ற முடிவாயிற்று. மூடுபடை எவ்வளவு சிறந்ததாயினும் கீழிருந்து நீர் அரிக்கும் இடத்தில் உதவாது. மின்-குசுவும் சேக்காப்தாரும் ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கி 2015இல் அமைத்த நிதியில் முன்னதாக எடுத்துக்கொள்ளப்பட்ட தளங்கள்.

இத்தகைய பணிகளில் வெளிநாட்டு நிறுவனத்தின் பொறியாளரைவிட, உள்நாட்டுக் கண்காணிப்பு அலுவலரின் பயிற்சியே மிகத் தேவையானது என்பது என் கருத்து. ஒப்பந்தக்காரர் களிமண் படையை உரிய ஈரத்தில் உரிய நெருக்கத்துக்கு அழுத்தினாரா என்று மண் எடுத்துச் சோதித்து, இல்லையெனில் வேலையை நிறுத்து என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். அத்துணிவு எண்களின் மேல் உள்ள உறுதியிலிருந்து வருவது. அவர் ஆய்வகத்தின் அளவிகளை யார் சரிபார்க்கிறார், எப்போது சரிபார்க்கிறார் என்பது மேடைப்பேச்சுகளில் வராத செய்தி. பணியின் நன்மை தீமை அதில்தான் தொங்குகிறது. பயிற்சி முடித்த இளைஞரைச் சுரங்க நிறுவனங்கள் இருமடங்கு ஊதியம் காட்டி இழுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் கொண்டே எத்தனை பேரைப் பயிற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஊராரோடு பேசக் கற்பதும் பாடத்தில் உண்டு. நடு ஆசியத் தளங்களில் வேலிக்கம்பியைப் பழைய இரும்புக்கு விற்கிறார்கள். மூடிய மேட்டின் மேல் புல் நன்றாக வளர்வதால் ஆடுமாடுகளை ஓட்டிச் செல்கிறார்கள். அறியாமை என்று இகழ்வது எளிது. பல்லாண்டுகள் அம்மேட்டருகே வாழ்ந்தும் தனக்கொன்றும் ஆகவில்லை என்று சொல்லும் முதியவரிடம் மில்லிசீவர்ட் கணக்கைக் காட்டிப் பயனில்லை. மேய்ச்சலுக்கு மாற்று நிலம் எங்கே என்று அவர் கேட்பார். விடை இல்லாமல் போகக்கூடாது. தாசிக்கிசுத்தானில் குசந்து நகருக்கருகே தெக்மாய் தேக்கத்தில் 3 கோடியே 60 இலட்சம் டன் கழிவு மேல்மூடியின்றிப் பரந்து கிடந்தது. அங்கே எச்சரிக்கைப் பலகை மட்டும் நட்டு வேலை முடிந்தது என்று பயிற்சி பெற்ற எவரும் கருதமாட்டார்.

இப்போது செருமனிக்குச் செல்லும் பயிற்சியாளர்களுக்குப் பசுமை போர்த்திய மேடுகளைக் காட்டுவதோடு நிற்காமல், நீரைத் தூய்மையாக்கும் ஆலைகளையும் காட்ட வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய சுரங்கங்களிலிருந்து யுரேனியமும் ரேடியமும் ஆர்செனிக்கும் கலந்த நீர் மேலே வந்துகொண்டே இருக்கிறது; அதைப் பிடித்துச் சுண்ணாம்பிட்டுப் படியவைத்து ஆற்றில் விடுகிறார்கள். படிந்த வண்டல் தானே ஒரு கதிரியக்கக் கழிவு. அதைச் சிமெண்டோடு கலந்து இறுக்கிப் புதைக்க மீண்டும் ஓர் இடம் வேண்டும், மீண்டும் ஒரு மூடுபடை வேண்டும், அதை அளக்க மீண்டும் ஆட்கள் வேண்டும். மேட்டைப் போர்த்தும் மண்வேலைக்கு முடிவுநாள் உண்டு. இந்த ஆலைகள் இன்னும் பல பத்தாண்டுகளுக்கு இரவும் பகலும் ஓடியாக வேண்டும். விசுமுத்து சீரமைப்புப் பணியைத் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று அவற்றை இயக்கும் அகவையை எட்டிவிட்டார்கள். மைலு-சூ நகருக்குச் செலவுத்திட்டம் எழுதுவோர் மண்வேலைக்குரிய தொகையோடு இந்த ஆட்களின் ஊதியத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது.